சம்மனும் மரியாதையும்

சனிக்கிழமை இரவு பத்து மணி. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் ஓர் இளைஞனைச் சாலைத் தடுப்பில் போலீசார் நிறுத்துகின்றனர். பின்விளக்கு எரியவில்லை. குற்றம் குற்றம்தான், சம்மன் கிடைக்கும். அதில் அவனுக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தப் போலீஸ்காரர், “என்சிக், பின்விளக்கு எரியவில்லை, தெரியுமா?” என்று தொடங்குகிறாரா, “ஹோய், லைசன்ஸ் எடு!” என்று அதட்டுகிறாரா? முதலாமவரிடம் மாட்டியவன் மறுநாளே பல்பை மாற்றிவிடுவான். இரண்டாமவரிடம் மாட்டியவன், “இந்தியப் பையன் என்பதால்தான் நிறுத்தினார்கள்” என்று நண்பர்களிடம் சொல்வான். அது உண்மையா இல்லையா என்று அறிய அவனுக்கு வழியில்லை. ஏன் நிறுத்தினோம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லையே!

சட்ட அமலாக்கமே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர்தான். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் கைகாட்டினால் வாகனத்தை நிறுத்தியே ஆக வேண்டும். அந்த அதிகாரம் எப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்பதே கேள்வி.

இதை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து போலீசார் சோதித்தே பார்த்திருக்கின்றனர். 2009, 2010ஆம் ஆண்டுகளில் மது அருந்தி வாகனம் ஓட்டுவோரைப் பிடிக்க நடத்தப்பட்ட 60 சாலைச் சோதனைகளில், பாதி வழக்கம்போல் நடந்தன. மறுபாதியில், ஓட்டுநரைக் குறிவைத்து நிறுத்தவில்லை, இது பொதுவான சோதனை என்று போலீசார் முதலில் விளக்கினர். சாலை விபத்துகளில் எத்தனை பேர் மாண்டனர் என்று கூறினர். ஓட்டுநரின் கருத்தைக் கேட்டு, நன்றி சொல்லி அனுப்பினர். வழக்கமான சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆனது. இப்படி நடத்தப்பட்டவர்களுக்குப் போலீசார் மீது கூடுதல் நல்லெண்ணம் ஏற்பட்டது. செலவானது ஒரு நிமிடம் மட்டுமே.

ஆனால் ஸ்காட்லாந்தில் இதே முறையைப் பின்பற்றியபோது ஓட்டுநர்களின் திருப்தி கூடவில்லை, குறைந்தது. ஆய்வாளர்கள் காரணத்தைத் தேடியபோது, கோளாறு போலீஸ் படைக்குள்ளேயே இருந்தது தெரிந்தது. மேலிடம் சரியாக விளக்காமல் திணித்த உத்தரவாகவே காவலர்கள் அதைக் கருதினர். மனக்கசப்புடன் ஒப்பிக்கும் ‘நன்றி’ யாருக்கு இனிக்கும்? சாலையில் மரியாதை வேண்டுமென்றால், சீருடை அணிந்தவரும் தம் நிலையத்தில் மரியாதையாக நடத்தப்பட வேண்டும்.

மலேசிய அனுபவமும் இதையொட்டியதே. துன் முகமட் சைடின் அப்துல்லா தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005ஆம் ஆண்டு 125 பரிந்துரைகளை முன்வைத்தது. லஞ்சத்தை ஒழிப்பதும், காவலர்களின் சம்பளத்தையும் குடியிருப்பையும் மேம்படுத்துவதும் அவற்றில் ஒருசேர இடம்பெற்றிருந்தன.

லஞ்சம் என்றால் வாங்குபவரை மட்டும் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. “பாஸ், செட்டல் பண்ணலாமா?” என்று பல வேளைகளில் முதலில் கேட்பவர் யார்? பொதுவாக 300 வெள்ளிக்குள் முடிகிற சம்மனுக்குப் பயந்து 50 வெள்ளி நோட்டை மடித்து நீட்டுபவர் எதைப் பணயம் வைக்கிறார் தெரியுமா? 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி கொடுப்பவருக்கும் 20 ஆண்டு வரை சிறை உண்டு. அபராதமோ லஞ்சத் தொகையின் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இவற்றில் எது அதிகமோ அது. போலீஸ்காரரே பணம் கேட்டால் அதைப் புகார் செய்வதும் சட்டப்படி கடமை.

நியாயம் என்பது பேச்சில் மட்டும் இல்லை. சம்மனுக்கு அடிக்கடி 50 விழுக்காடு கழிவு அறிவிக்கப்பட்ட ஆண்டுகளில், உடனே கட்டிய ஒழுங்கான ஆசாமி முழுத் தொகை கட்டினார். இழுத்தடித்தவரோ பாதி கட்டித் தப்பித்தார். 2026 ஜனவரி முதல் இது தலைகீழானது. 15 நாளுக்குள் கட்டினால்தான் பாதிக் கழிவு. தாமதம் ஆக ஆகச் சலுகை குறையும்.

நிறுத்தப்படுபவர் தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. சீருடை இல்லாதவர் நிறுத்தினால் அவருடைய அதிகார அட்டையைப் பணிவாகக் கேட்கலாம். வழக்கறிஞர் மன்றம் வெளியிட்ட ‘சிவப்புப் புத்தகம்’ இதை விளக்குகிறது: இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவர்களும் வைத்திருப்பது நீல அட்டை, அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு மஞ்சள், சேமப்படையினருக்கு வெள்ளை. சிவப்பு அட்டை என்றால் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர், அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

சம்மன் தவறு என்று தோன்றினால் சாலையோரத்தில் வாக்குவாதம் செய்வதில் பயனில்லை, நீதிமன்றத்தில் மறுத்து வழக்காடலாம். நடத்தை மோசமாக இருந்தால் பெயர், எண், இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். புகாரைப் போலீஸ் படையில் 2014ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட நேர்மைப் பிரிவிடம் கொடுக்கலாம். 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்திடமும் கொடுக்கலாம். இந்த ஆணையம் விசாரித்துப் பரிந்துரைக்குமே தவிர, தானே தண்டிக்காது. அந்தக் குறை இன்னும் இருக்கிறது.