நாய்க்கு போட்டோ எடுக்கப் போறீங்களா? பிளாஷை முதல்ல அணைங்க!

ராஜபாளையம்:
நாய் காணாமல் போன பிறகுதான் பல வீடுகளில் போட்டோவைத் தேடுகிறார்கள். கிடைப்பதோ கண் பச்சையாக மின்னும் படம். நோட்டீஸ் அடிக்க அது உதவுமா?

நாயின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் படலம் ஒன்று இருக்கிறது. பிளாஷ் பட்டால் அதுதான் பளபளக்கிறது. காலை நேரத்தில் வாசல் நிழலே போதும். 2005-ல் தபால்தலையில் இடம்பிடித்த நம்ம ராஜபாளையம் நாய் வெள்ளை வெளேர் என்று இருக்கும். உச்சி வெயிலில் எடுத்தால் ரோஸ் மூக்கும் கண்ணும்தான் தெரியும். சுண்ணாம்புச் சுவர் முன்னாலும் நிறுத்தாதீங்க.

முதல் நாளே சீவி விட்டு, கண் பீளையை ஈரத்துணியால் துடைக்கணும். எடுக்கும் முன் ஒரு ரவுண்டு நடத்திக் கூட்டி வாங்க. களைத்த நாய்தான் அடங்கி உட்காரும். கையில் அவித்த முட்டைத் துண்டு இருக்கட்டும். சாக்லேட், திராட்சை கூடவே கூடாது, நாய்க்கு விஷம். செல்போன் நாயின் கண் மட்டத்தில் இருக்கணும். அதனால் நீங்க தரையில் உட்காரணும். லுங்கி அழுக்காகும், பரவாயில்லை.

சிலர் குழந்தையை விட்டு நாயைக் கட்டிப்பிடிக்கச் சொல்கிறார்கள். இங்கேதான் ஆபத்து. நாய் அடிக்கடி கொட்டாவி விட்டால், மூக்கை நக்கினால், முகத்தைத் திருப்பினால் அது பயந்துபோய் இருக்கிறது. அத்தோடு நிறுத்திடுங்க. மீறிக் கடித்துவிட்டால், வீட்டு நாய்தானே என்று இருக்காதீங்க. சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஊசி அங்கே இலவசம்.

நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, தழும்பு அல்லது மச்சம் தெரிய ஒன்று. நோட்டீசுக்கு இந்த மூணும் போதும்.