செயின்சா போர்ட்டிங்: 1 மில்லிமீட்டர் அரைச்சா என்ன ஆகும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியது.)

2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்போ சென்னையில இருந்தவங்களுக்கு, அதுக்கப்புறம் பல நாள் கேட்ட ஒரு சத்தம் ஞாபகம் இருக்கும். சாலையில விழுந்து கிடந்த மரங்களை அறுத்த செயின்சாவோட சத்தம். அதுக்குள்ள இருக்கிறது ஒரு சின்ன டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். நம்ம ஆர்எக்ஸ் 100-ல இருந்ததும் அதே இனம்தான்.

அமெரிக்கா, கனடாவுல மரம் வெட்டுறதையே தொழிலா செய்யறவங்க நடுவுல ஒரு பழக்கம் ரொம்ப வருஷமா இருக்கு. நல்லா ஓடுற செயின்சாவோட சிலிண்டரைக் கழற்றி, உள்பக்கத்தை அரைச்சு, இன்னும் வேகமா வெட்ட வைப்பாங்க. இதுக்குப் பேரு போர்ட்டிங். அதுல என்ன பண்றாங்க, அது எப்போ லாபம், எப்போ நஷ்டம்? இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

பிஸ்டன்தான் கதவு

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்ல வால்வு இருக்கும், அதைத் திறந்து மூட கேம்ஷாஃப்ட் இருக்கும். நாம பேசற இந்த டூ-ஸ்ட்ரோக்ல அது எதுவும் கிடையாது. சிலிண்டர் சுவத்துல ஓட்டைகள் இருக்கும். மேலும் கீழும் போற பிஸ்டனே அதுங்களை மூடும், திறக்கும்.

ஓட்டை மூணு வகை. இன்டேக் போர்ட் வழியா பெட்ரோலும் காத்தும் கலந்த கலவை, பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற கிராங்க்கேஸுக்குள்ள வரும். டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியா அது மேல ஏறும். எரிஞ்ச புகை எக்ஸாஸ்ட் போர்ட் வழியா வெளியே போகும்.

அப்போ ஒரு போர்ட் எப்போ திறக்கும்கிறதை எது முடிவு பண்ணுது? அந்த ஓட்டையோட விளிம்பு எந்த உயரத்துல இருக்குங்கிறதுதான். மெக்கானிக்குங்க கிராங்க்ல ஒரு டிகிரி வீலை மாட்டி இதை அளப்பாங்க. பிஸ்டன் உச்சியில இருக்கும்போது 0. அங்கேருந்து கிராங்க் எத்தனை டிகிரி சுத்தினதும் போர்ட் திறக்குதுன்னு பார்ப்பாங்க.

20 டிகிரி இடைவெளி

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. எக்ஸாஸ்ட் 100 டிகிரியில திறக்குது, டிரான்ஸ்ஃபர் 120-ல திறக்குதுன்னு வைங்க. நடுவுல இருக்கிற 20 டிகிரிக்கு புளோடவுன்னு பேரு. எரிஞ்ச வாயு இந்த நேரத்துக்குள்ள வெளியேறி, சிலிண்டருக்குள்ள அழுத்தம் குறையணும். குறையலைன்னா, டிரான்ஸ்ஃபர் திறந்ததும் புகை அதுக்குள்ளயே திரும்பிப் போகும். புதுக் கலவை மேல வர முடியாது.

இதுக்கு எவ்வளவு நேரம் கிடைக்குது? எஞ்சின் நிமிஷத்துக்கு 12,000 சுத்து சுத்தினா, ஒரு சுத்துக்கு 5 மில்லி செகண்ட். அதுல 20 டிகிரின்னா 0.28 மில்லி செகண்ட்தான்! வேகம் கூடக் கூட நேரம் இன்னும் சுருங்கும். அதனாலதான் அதிக வேகத்துல ஓடணும்னா எக்ஸாஸ்ட்டை இன்னும் சீக்கிரம் திறக்கத் தோணும்.

மேல் விளிம்பை அரைச்சா

நிஜ உதாரணம் ஒண்ணு எடுத்துப்போம். ஹஸ்க்வர்னா 372. தொழில்முறை ஆளுங்க நடுவுல ரொம்பப் பேர் வாங்கின மாடல். சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கற தூரம் 36 மி.மீ., மொத்தம் 70.7 சிசி. இந்த அளவு எஞ்சின்ல எக்ஸாஸ்ட்டோட மேல் விளிம்பை வெறும் 1 மி.மீ. அரைச்சா, அது சுமார் 3 டிகிரிக்கு மேல முன்கூட்டியே திறக்கும். மூடும்போது அதே அளவு லேட்டா மூடும். மொத்தத்துல கிட்டத்தட்ட 7 டிகிரி மாற்றம்.

இதுக்கு ரெண்டு விலை கொடுக்கணும். முதல்ல, எரியிற வாயு பிஸ்டனைத் தள்ளுற தூரம் குறையுது. ரெண்டாவது, எக்ஸாஸ்ட் லேட்டா மூடறதால கலவையை அழுத்த ஆரம்பிக்கிறதும் லேட். கம்ப்ரஷன் குறையும், அடி வேகத்துல இழுவை போயிடும்.

பைக் வேற, செயின்சா வேற

"பைக் ரேஸ்ல இப்படித்தானே பண்றாங்க?"ன்னு கேட்கலாம். ரேஸ் பைக்ல ரெண்டு உதவி இருக்கு. ஒண்ணு, வயிறு பெருத்த அந்த நீள எக்ஸ்பான்ஷன் சைலன்சர். அது அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, வெளியே ஓடப் பார்க்கிற புதுக் கலவையை சிலிண்டருக்குள்ளயே தள்ளும். இன்னொண்ணு கியர்பாக்ஸ். வேகம் விழுந்தா கியரை மாத்திக்கலாம்.

செயின்சாவுல ரெண்டும் இல்ல. கைக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன டப்பா சைலன்சர். கிளட்ச்லேருந்து நேரா செயின். சும்மா ஓடும்போது 13,000-ல கத்துற மெஷின், மரத்துக்குள்ள இறங்கினா 9,000 பக்கம் விழும். வேலை நடக்கிறதே அங்கதான். சும்மா ஓடும்போது இன்னும் 1,000 கூடுதலா ஏறி, மரத்துல வெச்சதும் திணறுற செயின்சா, கேட்க மட்டும்தான் நல்லா இருக்கும்.

விதிவிலக்கு போட்டிகள். டிம்பர்ஸ்போர்ட்ஸ்ல 'ஹாட் சா'ன்னு ஒரு பிரிவு இருக்கு. அதுல ஸ்னோமொபைல் எஞ்சினைக்கூட எடுத்து, எக்ஸ்பான்ஷன் பைப் மாட்டி, மரத்துண்டுல மூணு வெட்டு வெட்டுவாங்க. சில நொடியில முடிஞ்சிடும். நாள் முழுக்க காட்டுல நின்னு உழைக்கிற மெஷினுக்கு அந்தக் கணக்கு ஆகாது.

நல்ல போர்ட்டிங் எப்படி இருக்கும்?

அனுபவசாலிங்க எக்ஸாஸ்ட்டை உயர்த்தறதுக்கு முன்னாடி கம்ப்ரஷனைப் பார்ப்பாங்க. சிலிண்டருக்கு அடியில இருக்கிற கேஸ்கட்டை எடுத்துட்டு, சீலன்ட் போட்டு உட்கார வைப்பாங்க. சிலிண்டர் அரை மி.மீ. இறங்கினா கம்ப்ரஷன் ஏறும். கூடவே எக்ஸாஸ்ட்டும் டிரான்ஸ்ஃபரும் ஒன்றரை, ரெண்டு டிகிரி லேட்டாகும். ஆனா பிஸ்டன் தலைக்கும் சிலிண்டர் கூரைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பொதுவா 0.5 மி.மீ.க்குக் கீழ விடமாட்டாங்க. அதுக்கும் கீழ போனா ரெண்டும் முட்டிக்கிற அபாயம்.

அடுத்தது அகலம். உயரத்தைத் தொடாம எக்ஸாஸ்ட்டை அகலப்படுத்தினா, டைமிங் மாறாமலே நிறைய வாயு வெளியேறும். இதுக்கும் எல்லை உண்டு. ரொம்ப அகலமானா பிஸ்டன் ரிங் ஓட்டைக்குள்ள பிதுங்கி, விளிம்புல மாட்டி உடையும். அதனால மேல் விளிம்பை வளைவா வெச்சு, ஓரத்தை மழுக்கிடுவாங்க. பல சிலிண்டர்ல அலுமினியம் மேல நிக்கல் பூச்சுதான் இருக்கு. கூர்மையா விட்டா அது உரியும்.

கடைசியா கார்புரேட்டர். சைலன்சரையும் போர்ட்டையும் திறந்துவிட்டா காத்து அதிகம் ஓடும், அதுக்கு ஏத்த பெட்ரோல் வேணும். செயின்சாவுல ஆயில் பெட்ரோலோடதான் வருது. பெட்ரோல் பத்தலைன்னா ஆயிலும் பத்தாது. பிஸ்டன் சூடாகி சிலிண்டரோட ஒட்டிக்கும். ஒரே நாள்ல மெஷின் காலி.

கிரைண்டரை எடுக்கிறதுக்கு முன்னாடி

பழைய டூ-ஸ்ட்ரோக்ல உள்ளே வந்த பெட்ரோல்ல ஏறக்குறைய கால் பங்கு எரியாமலே வெளியே போயிடும். மாசு விதிகள் கடுமையானதும் கம்பெனிங்க டிசைனை மாத்தினாங்க. ஹஸ்க்வர்னாவோட எக்ஸ்-டார்க் மாதிரி எஞ்சின்ல, கலவைக்கு முன்னாடி வெறும் காத்து ஒரு அடுக்கா வரும். வெளியே ஓடுறது பெரும்பாலும் அந்தக் காத்துதான். இது புரியாம டிரான்ஸ்ஃபரை அரைச்சா, அந்த அடுக்கு கலைஞ்சிடும். எரியாத பெட்ரோல் புகையை முதல்ல சுவாசிக்கிறது மெஷினைப் பிடிச்சிருக்கிறவர்தான்.

இந்த வேலையில அரைச்ச உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனாலதான் தெரிஞ்சவங்க முதல்ல டிகிரி வீலை மாட்டி எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கறாங்க. அரை மி.மீ. அரைக்கறாங்க, அதே மரத்துல அதே செயினோட வெட்டி நேரம் பார்க்கறாங்க. அதுக்கப்புறம்தான் அடுத்த அரை.

உங்க வீட்டுல ஏதாவது பழைய டூ-ஸ்ட்ரோக் இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல எக்ஸ்பான்ஷன் சைலன்சரைப் பத்திப் பேசுவோம்.