கடல் இகுவானாவின் வரவு செலவு

ஈக்வடார் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கி.மீ. தள்ளி பசிபிக் கடலில் இருக்கின்றன கலாபகோஸ் தீவுகள். கடலில் இறங்கி மேயும் பல்லி உலகில் ஒன்றே ஒன்றுதான்: கடல் இகுவானா. அதற்கு இந்தத் தீவுகளை விட்டால் வேறு இடமில்லை. மொத்த எண்ணிக்கை 2 முதல் 3 லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு.

உருவம்: எரிமலைப் பாறையின் கறுப்பு, மழுங்கிய மூக்கு, முதுகு நெடுக முள்வரிசை, பக்கவாட்டில் தட்டையான வால். பாறையில் ஒட்டிய பாசியைச் சுரண்ட மும்முனைப் பற்கள். எடை மட்டும் தீவுக்குத் தீவு மாறும். ஜெனோவேசாவில் பெரிய ஆணே சுமார் 1 கிலோதான். பாசி செழித்த இசபெலா, பெர்னாண்டினா கரைகளில் 12 கிலோ வரை போகும்.

வரவு: சிவப்பு, பச்சைப் பாசிகள். பெரும்பாலானவை கடல் வற்றும் நேரத்தில் வெளியே தெரியும் பாறைகளிலேயே மேய்ந்துவிடும். முங்கி மேய்பவை நூற்றுக்கு 5 போல. அவையும் பெரிய ஆண்கள். வழக்கமான முங்கல் 5 மீட்டருக்குள், சில நிமிடங்கள். 30 மீட்டர் வரை போனதும் உண்டு.

செலவு: உடற்சூடு. வெயிலில் 36 டிகிரிக்கு ஏறிய உடல், குளிர்ந்த நீரில் அதிலிருந்து 10 டிகிரி வரை இறங்கிவிடும். கரையேறியதும் வயிறு பாறையில் படிய, கைகால் பரப்பிக் கிடக்கும். பாசியோடு உள்ளே போன உப்பை மூக்கின் சுரப்பி பிரித்தெடுக்க, தும்மித் தள்ளும். அது தலையிலேயே விழுந்து வெள்ளையாய்க் காய்ந்திருக்கும்.

நட்டம்: எல் நினோ ஆண்டுகளில் கடல் சூடேறி, தின்னும் பாசிகள் அழிந்து, செரிக்காத பழுப்புப் பாசி பரவும். வயிறு நிறைந்திருக்கும்போதே பட்டினியில் சாகும். சாவு 10 முதல் 90 சதவீதம் வரை. பிழைப்பவை செலவைக் குறைக்க உடலையே குறைத்துக்கொள்கின்றன: இரண்டு ஆண்டுகளில் 6.8 செ.மீ. வரை, அதாவது நீளத்தில் 20 சதவீதம் வரை சுருங்கியதை ஆய்வாளர்கள் விக்கெல்ஸ்கி, தோம் இருவரும் 2000இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். எலும்பும் சேர்ந்தே குறைகிறது என்பது அவர்கள் கருத்து. பாசி திரும்பியதும் உடல் மறுபடி நீளும்.

மனிதர் கணக்கு: 2001 ஜனவரியில் 'ஜெசிகா' எண்ணெய்க் கப்பல் தரைதட்டியது. சான்டா பே தீவை எட்டிய எண்ணெய் கொஞ்சம்தான். ஆனால் ஓராண்டுக்குள் அங்கிருந்த கடல் இகுவானாக்களில் 62 சதவீதம் மடிந்தன. ஒரு பெண் இடுவது 1 முதல் 6 முட்டைகள், ஆண்டுதோறும் இடுவதுமில்லை. அந்த நட்டத்தை முட்டை போட்டு ஈடுகட்ட ஆண்டுகள் பல பிடிக்கும்.