வாத்தியம் மின்னுகிறது, வாய் வைக்கும் இடம்?

கோலார் தங்கவயலில் மாரிகுப்பம், சாம்பியன் ரீப், ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் கல்யாண ஊர்வலம், தேர்பவனி, துக்க வீடு என்று எதற்கும் பேண்டு செட்டைக் கூப்பிடுவது வழக்கம். வருகிறவர்கள் டிரம்பெட்டைப் பிராசோ போட்டு முகம் பார்க்கும் அளவுக்குத் துடைத்திருப்பார்கள். அந்த மவுத்பீஸை மட்டும் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். குறுகிய இடத்தில் துளை நான்கு மில்லிமீட்டர்கூட இருக்காது. கழுவியே பழக்கமில்லாத மவுத்பீஸ் என்றால் அதன் சுவரில் சாம்பலும் பச்சையுமாக ஒரு படலம் தெரியும். எச்சில், பிரியாணித் துணுக்கு, வெற்றிலைச் சாறு, பித்தளைக் களிம்பு எல்லாம் சேர்ந்து உறைந்தது அது.

குழாய்க்குள் குடியிருப்பவை

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு பள்ளி பேண்டின் 13 வாத்தியங்களை எடுத்து, 117 இடங்களில் துடைத்துப் பரிசோதித்தார்கள். பாக்டீரியா, பூஞ்சை, ஈஸ்ட் மூன்றுமே ஏராளமாகக் கிடைத்தன. ஒரு மாதமாக யாரும் தொடாமல் பெட்டியில் கிடந்த வாத்தியங்களும் தப்பவில்லை. வாய் வைக்கும் முனையில்தான் கூட்டம் அதிகம்.

இவற்றில் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் பூஞ்சைத் துகள்களை வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை கொண்டு வீங்கும். பதினைந்து வருடம் இருமிக்கொண்டிருந்த 35 வயது டிராம்போன்காரர் ஒருவரைப் பற்றி 2010இல் ஒரு மருத்துவ இதழ் எழுதியது. அவர் வாத்தியத்தை ஆல்கஹாலில் ஊறவைத்துச் சுத்தம் செய்யத் தொடங்கியதும் இருமல் நின்றுவிட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தினமும் பேக்பைப் ஊதிய 61 வயதுக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பேக்பைப்பை வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்திரேலியா போன மூன்று மாதமும் அவருக்கு மூச்சு சீராக இருந்தது. திரும்பி வந்து ஊதத் தொடங்கியதும் மோசமாகி, 2014இல் இறந்தார். அந்தப் பேக்பைப்பின் பைக்குள் பலவகைப் பூஞ்சைகள் இருந்தன. இப்படி நடப்பது அபூர்வம்தான். அபூர்வம் என்பதாலேயே மருத்துவருக்கும் சட்டென்று தோன்றாது.

தங்கவயல் நெஞ்சு

இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் பதிவானது கோலார் தங்கச் சுரங்கத்தில், 1934இல். தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறையில். அதைத் துளைத்த தூசி நெஞ்சில் தங்கியது. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள், நுரையீரலில் படிந்த தூசி போகவில்லை. அப்படிப்பட்ட நெஞ்சில் காசநோய் எளிதாகப் பற்றும். நுரையீரல் ஏற்கெனவே பழுதானது என்பதால், சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் கிளாரினெட் வாசிக்கிறார் என்றால், வாத்தியச் சுத்தத்தில் அவருக்கு இரட்டிப்பு அக்கறை வேண்டும்.

ஆளுக்கொரு மவுத்பீஸ்

பழகும் பையன்கள் ஒரே மவுத்பீஸை மாற்றி மாற்றி ஊதுவதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. சளி, காய்ச்சல், தொண்டைப் புண், உதட்டோரக் கொப்புளம் எல்லாம் எச்சில் வழியே தாராளமாகப் பரவும். காசநோய் முக்கியமாகக் காற்றில் பரவுவது. அதற்கு மவுத்பீஸைக் குற்றம் சொல்ல முடியாது. ஜன்னல் மூடிய அறையில் ஒத்திகை பார்ப்பதைத்தான் சொல்ல வேண்டும். வாத்தியம் பொதுவாக இருக்கட்டும், மவுத்பீஸும் ரீடும் அவரவருடையதாக இருக்கட்டும். சட்டையை மாற்றிப் போட யோசிக்கிற பையன் இதற்கு யோசிப்பதில்லை என்பது வேடிக்கை.

எதை எப்படிக் கழுவுவது

டிரம்பெட், டிராம்போன் மவுத்பீஸ் உலோகம் என்பதால் வேலை சுலபம். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷை இரண்டு முனையிலிருந்தும் விட்டுத் தேய்த்து அலசினால் போதும். வாரம் ஒருமுறையாவது செய்யுங்கள். இன்னொருவர் ஊதியதை வாங்க வேண்டி வந்தால், கழுவியபின் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு வாயில் வையுங்கள். முலாம் போய்ப் பித்தளை தெரிந்தால் உதடு அரிக்கலாம், மாற்றிவிடுவது நல்லது. பிராசோவும் ப்ளீச்சிங் பவுடரும் வாய் படும் இடத்துக்கு ஆகாது.

கிளாரினெட், சாக்சபோன் மவுத்பீஸ் பெரும்பாலும் எபோனைட் என்னும் கெட்டி ரப்பர். இதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். கொதிநீர் ஊற்றினால் கருப்பு நிறம் பச்சையாகவோ பழுப்பாகவோ வெளுத்து, கந்தக வாடை வரும், வடிவமும் கோணலாகலாம். குளிர்ந்த நீர், கொஞ்சம் சோப்பு, மிருதுவான துணி, இவ்வளவே. போர் தண்ணீர் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தால், வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து கால் மணி நேரம் வைத்தால் இளகும். கார்க் நனையக் கூடாது. ரீடைக் கழற்றித் துடைத்துத் தனியே காயவையுங்கள். காய்ச்சல், தொண்டைப் புண் வந்து போனால் பழைய ரீடைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நாதஸ்வரச் சீவாளி நாணல் தட்டையில் செய்தது. சோப்பும் ஆல்கஹாலும் அதைப் பாழாக்கும். சுத்தமான நீரில் நனைத்து, வாசித்து முடித்ததும் எச்சில் போக அலசி, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சைக்கு விருந்து. கருத்துப் புள்ளி விழுந்த சீவாளி எவ்வளவு நன்றாகப் பேசினாலும் வேண்டாம்.

எந்த வாத்தியமானாலும் ஊதுமுன் வாய் கொப்பளியுங்கள். கழுவும் வேலையில் பாதி அதிலேயே குறையும்.

இருமலை மறைக்க வேண்டாம்

வாய்ப்பு போய்விடுமே என்று இருமலை மறைக்கும் கலைஞர்கள் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். சுரங்கத்தில் வேலை பார்த்தீர்களா, என்ன வாத்தியம் எத்தனை வருடமாக ஊதுகிறீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.