விரலை வைத்தும் பஞ்ச் மெஷின் ஏற்கவில்லையா? பாலைவனக் காற்று தோலை என்ன செய்கிறது?

வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களிடம் கேட்டால் வெயிலைப் பற்றி நிறையச் சொல்வார்கள். தோலைப் பற்றிக் கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். பிறகு ஒவ்வொன்றாக வரும். சிரித்தால் வெடிக்கும் உதடு, பெட்ஷீட்டில் சிக்கி இழுக்கும் குதிகால். காலையில் விரலை நாலு தடவை வைத்தும் ஏற்காத அட்டெண்டன்ஸ் மெஷின்.

கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. வறண்டு, தேய்ந்து, வெடித்த விரலின் ரேகையை சென்சாரால் சரியாகப் படிக்க முடிவதில்லை. பஞ்ச் பதியவில்லை என்றால் அன்றைய சம்பளத்துக்கே சிக்கல் வரலாம். அங்கே தோல் பராமரிப்பு என்பது அழகு சமாச்சாரம் மட்டும் இல்லை.

சென்னையில் பார்க்காத வெயிலா?

வெயில் அங்கே அதிகம்தான். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21-ம் தேதி 53.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஆனால், தோலுக்கு அதைவிடப் பெரிய வில்லன் காற்று. கடலோரச் சென்னையில் காற்றின் ஈரப்பதம் 60, 70 சதவீதத்துக்கு மேல் இருப்பது சாதாரணம். ரியாத்தில் கோடைப் பகலில் அது 10 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். துபாய் கடலோரம் என்பதால் கோடையில் புழுங்கும். அதனால் துபாய் நண்பர் சொன்ன டிப்ஸ் ரியாத்தில் அப்படியே எடுபடாது.

தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளலாம். இறந்த செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு இடையே இருக்கும் செராமைடு உள்ளிட்ட கொழுப்புகள்தான் பூச்சு. உடம்பின் ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பது இந்தச் சுவர். வறண்ட காற்று ஈரத்தை ஓயாமல் உறிஞ்ச, மேலடுக்கு விறைத்து வெடிக்கிறது. ஜூன், ஜூலையில் வேகமெடுக்கும் ‘ஷமால்’ என்ற வடமேற்குக் காற்று கொண்டுவரும் தூசியோ வியர்வையோடு சேர்ந்து கழுத்து, முழங்கை மடிப்புகளில் தங்கி அரிக்கும். சொறிந்தால் சுவரில் இன்னும் ஓட்டை.

தப்பு நடப்பது பாத்ரூமில்

உடம்பெல்லாம் தூசியோடு ரூமுக்கு வருபவர் என்ன செய்வார்? நுரை பொங்கும் சோப்பைப் போட்டு, நாரால் தேய்த்து, சுடச்சுடக் குளிப்பார். தூசியோடு சேர்ந்து அந்தக் கொழுப்புப் பூச்சும் கழன்று போகிறது. அடுத்து விடிய விடிய ஏசி. அதுவும் அறைக் காற்றின் ஈரத்தை எடுத்துவிடும்.

கோடையில் இன்னொரு தொல்லை, மொட்டைமாடித் தொட்டி சூடேறி சாதாரணக் குழாயிலேயே வெந்நீர் வருவது. பழகியவர்கள் பாத்ரூமுக்குள் இருக்கும் ஹீட்டரை அணைத்துவிட்டு, அதில் தேங்கி ஆறிய தண்ணீரில் குளிப்பார்கள். நல்ல யோசனைதான். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம், அழுக்குப் படிந்த இடங்களுக்குப் போதும். மற்ற இடங்களுக்குத் தண்ணீரே போதும்.

குளித்த பிறகு வரும் மூன்று நிமிடம்தான் முக்கியம். துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். காய்ந்த தோலில் அரை மணி நேரம் கழித்துத் தடவினால், பூட்டி வைக்க உள்ளே ஈரம் மிச்சமிருக்காது.

எதைத் தடவலாம்?

கிளிசரின், யூரியா போன்றவை ஈரத்தைப் பிடித்து இழுப்பவை. காற்றில் ஈரமே இல்லாத ஊரில் கிளிசரினை மட்டும் தடவினால், அது தோலின் உள்ளடுக்கிலிருந்தே ஈரத்தை இழுக்கக்கூடும். மேலே ஒரு மூடி தேவை. அந்த வேலைக்கு வாசனை சேர்க்காத சாதா வாசலின் டப்பாவே போதும். விலை கூடிய லோஷன்தான் வேண்டும் என்றில்லை. ஊரிலிருந்து கொண்டுபோன தேங்காய் எண்ணெயும் ஈரத் தோலில் நன்றாகவே வேலை செய்யும்.

ஆனால், காலையில் முகத்தில் வாசலினை அப்பிக்கொண்டு சைட்டுக்குப் போனால் தூசி அதிலேயே ஒட்டும். பகலுக்கு லேசான கிரீம், ராத்திரிக்கு வாசலின் என்று வைத்துக்கொள்ளலாம். குதிகாலுக்கு யூரியா கிரீம் தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுத் தூங்கினால் சில நாளில் வித்தியாசம் தெரியும். உதட்டை நாக்கால் நனைப்பதை விட்டாலே பாதி வெடிப்பு குறையும்.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். ஆபீஸ் வேலைக்கு ஓகே. சாரத்தில் நின்று கம்பி கட்டுபவரால் முடியுமா? அவருக்குத் துணிதான் சரி. பெடோயின் மக்களின் கறுப்பு அங்கியை ஆராய்ந்து 1980-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு கட்டுரை, கறுப்புத் துணி கூடுதலாக வாங்கும் வெப்பம் உடம்பை எட்டுவதில்லை என்று காட்டியது. தொளதொளவென்ற அங்கிக்குள் காற்று ஓடுவதே காரணம். முழுக்கை, தளர்வான பருத்திச் சட்டை, முகத்தைச் சுற்றிய துண்டு. இதற்கு ஈடான கிரீம் இல்லை.

கிரீமை மட்டும் தொழிலாளி தலையில் கட்டிவிட்டு நிறுவனங்கள் நகரவும் முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. ஈரச் சிமென்ட் கடும் காரத்தன்மை கொண்டது, தோலை அரித்துவிடும். கிளவுஸ் கொடுப்பது நிறுவனத்தின் கடமை.

அரிப்பு தாங்கவில்லை என்று மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கிரீம் வாங்கித் தடவுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். முதலில் சுகமாக இருக்கும். போகப்போகத் தோல் மெலிந்துவிடும். சர்க்கரை நோய் இருப்பவருக்குக் குதிகால் வெடிப்பில் ரத்தமோ சீழோ தெரிந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், அது ஆறாத புண்ணாக மாறக்கூடும்.

சரி, பஞ்ச் மெஷின்? ராத்திரி விரல் நுனிகளில் வாசலின். காலையில் எண்ணெய்ப்பசை போகத் துடைத்துவிட்டு, விரலில் வாயால் ஒரு முறை ஊதி, அந்த லேசான ஈரத்தோடு வைத்துப் பார்க்கலாம். அப்படியும் படிக்கவில்லை என்றால், அதிகம் தேயாத இன்னொரு கை விரலையும் பதிவு செய்யச் சொல்லி ஹெச்.ஆரிடம் கேட்கலாம்.