வாக்கி டாக்கி வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண்

திருமண மண்டபத்தில் வண்டிகளை ஒழுங்குபடுத்துவோர், தேரோட்டத் தன்னார்வலர்கள், கட்டுமானத் தள மேற்பார்வையாளர்கள் என்று பலர் கையிலும் இன்று வாக்கி டாக்கி இருக்கிறது. இணையத்தில் பணம் கட்டினால் வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஆனால் அவற்றில் பலவற்றை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே சட்டமீறல்.

2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு 13 நோட்டீஸ்களை அனுப்பியது. கருவி எந்த அதிர்வெண்ணில் இயங்கும், உரிமம் வேண்டுமா, அரசு ஒப்புதல் பெற்றதா என்ற விவரங்கள் இல்லாமல் வாக்கி டாக்கிகள் விற்கப்படுகின்றன என்பதே புகார். அதே மாதம் விற்பனைக்கான வழிகாட்டு நெறிகளும் வெளியாயின.

பேசுவதற்கு எதற்கு உரிமம்?

செல்போனில் எந்த அதிர்வெண்ணில் பேசுவது என்பதை நெட்வொர்க்தான் முடிவு செய்கிறது. வாக்கி டாக்கியில் நடுவில் யாரும் இல்லை. பொத்தானை அழுத்தியதும் கருவியே நேராக ஒலிபரப்புகிறது. ஒரே அதிர்வெண்ணில் இருவர் பேசினால், வலுவான அலை மற்றதை அமுக்கிவிடும்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 5 வாட் கருவிகள் பலவும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் பேசக்கூடியவை. கப்பல்களும் படகுகளும் ஆபத்தில் உதவி கேட்கும் சர்வதேச அலைவரிசையான 156.8 மெகாஹெர்ட்ஸ் அதற்குள்தான் இருக்கிறது. கடலோர ஊர் ஒன்றில் விவரம் தெரியாத ஒருவர் அந்த எண்ணில் அரட்டை அடித்தால், கடலில் தத்தளிப்பவரின் குரல் கரைக்குக் கேட்காமல் போகலாம். இடையூறு செய்தவருக்கு அது தெரியக்கூட வராது.

இதனால்தான் 1933ஆம் ஆண்டின் இந்திய கம்பியில்லாத் தந்திச் சட்டம், கருவியைப் பயன்படுத்துவதற்கு மட்டுமன்றி வைத்திருப்பதற்கும் உரிமம் கேட்டது. 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் அதே நெறியைத்தான் பின்பற்றுகிறது.

உரிமம் வேண்டாத அலைவரிசை

சாதாரண மக்களுக்கென்று ஒரு விலக்கு உண்டு. குறைந்த ஆற்றல் கருவிகளுக்கான 2018 விதிகளின்படி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் வாக்கி டாக்கிக்குத் தனி உரிமம் தேவையில்லை. 12.5 கிலோஹெர்ட்ஸ் வீதம் பிரித்தால் இதில் 16 சேனல்கள் கிடைக்கும். இவை யாருக்கும் சொந்தமில்லை. பக்கத்து மண்டபத்துக்காரர் அதே சேனலில் பேசினால் புகார் சொல்ல வழியில்லை. திறந்தவெளியில் ஓரிரு கிலோமீட்டர் எட்டினாலும், கான்கிரீட் கட்டடங்களுக்கு நடுவே சில நூறு மீட்டரோடு நின்றுவிடலாம். திருவிழாவுக்கும் மண்டபத்துக்கும் அது போதும். சிட்டிசன் பேண்ட் எனப்படும் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கும் இதுபோன்ற விலக்கு இருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. விலக்கு பயனாளரின் உரிமத்துக்கு மட்டுமே. கருவி, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யு.பி.சி. பிரிவிடமிருந்து இ.டி.ஏ. எனும் வகை ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வந்த பரிசு

அமெரிக்காவில் கடைகளில் கிடைக்கும் எஃப்.ஆர்.எஸ். வகைக் கருவிக்கு அங்கே உரிமம் வேண்டாம். ஆனால் அது இயங்குவது 462, 467 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில். இந்தியாவின் விலக்கு அந்த எண்களுக்குப் பொருந்தாது. உறவினர் பிள்ளைகளுக்கு அன்போடு வாங்கி வந்த பொருள் என்றாலும் சட்டம் பார்ப்பது அதிர்வெண்ணைத்தான்.

இன்னும் தொலைவுக்குப் பேச

நிறுவனங்கள் தங்களுக்கென அதிர்வெண் ஒதுக்கும்படி தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு.

தனிமனிதருக்கு, பொழுதுபோக்காக வானொலியில் பேசுவோருக்கான ஹாம் ரேடியோ இருக்கிறது. 12 வயது நிரம்பியவர் தேர்வு எழுதலாம். மின்னணுவியலின் அடிப்படையும் விதிமுறைகளும்தான் பாடம். பொது நிலைச் சான்றிதழுக்கு மோர்ஸ் குறியீடும் தெரிய வேண்டும். தேர்ச்சி பெற்று உரிமம் எடுத்தவர் 144–146 மெகாஹெர்ட்ஸ் போன்ற ஹாம் அலைவரிசைகளில் பேசலாம். வணிகப் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, ஹாம் ஒலிபரப்புக்காக அந்தமான் சென்றிருந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை வெளியுலகுக்குக் கொண்டு சேர்த்தார். தொலைபேசி ஓய்ந்த நேரத்தில் அவரைப் போன்றவர்களால் உதவ முடிந்ததற்குக் கருவி மட்டும் காரணமில்லை. எங்கே, எப்படிப் பேசுவது என்ற பயிற்சியும் காரணம்.

வாங்கும் முன்

அட்டைப்பெட்டியில் 446.0–446.2 என்று இருக்கிறதா? இ.டி.ஏ. விவரம் தரப்பட்டுள்ளதா? "லைசென்ஸ் தேவையில்லை" என்று எழுதிவிட்டு 136–174, 400–480 என அகன்ற வரம்பைப் போட்டிருந்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, திருப்பிக் கொடுக்க முடியுமா என்று விற்றவரிடம் கேளுங்கள்.

விற்பவரின் கடமை இதைவிடப் பெரிது. அதிர்வெண்ணை மறைத்து விற்பவர், வாங்குபவரைச் சட்டச் சிக்கலில் தள்ளுவதோடு பிறருடைய அவசரத் தொடர்பையும் ஆபத்துக்கு உள்ளாக்குகிறார். நோட்டீஸோடு நிற்காமல் கடைத்தெருவிலும் கண்காணிப்பு வர வேண்டும். கூடவே, ஹாம் தேர்வுக்கான பயிற்சி பள்ளிகளுக்கும் மீனவ ஊர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். பொறுப்போடு பேசக் கற்றவர்கள் பெருகினால்தான் இந்த விதிகள் காக்க நினைக்கும் உயிர்களுக்கு உண்மையான பாதுகாப்பு கிடைக்கும்.