இணையக் கடைகளில் முறிந்த இணைப்புகள்

முறிந்த இணைப்பு எனப்படுவது, சொடுக்கும்போது எதிர்பார்த்த பக்கத்தையோ படத்தையோ கோப்பையோ தராத மீயிணைப்பு ஆகும். இதனை இறந்த இணைப்பு என்றும் கூறுவர். எல்லா இணையத்தளங்களிலும் இது ஏற்படும் எனினும், பொருட்கள் நாள்தோறும் சேர்ந்தும் நீங்கியும் வரும் இணையக் கடைகளில் இதன் பாதிப்பு மிகுதி. வாங்க வந்தவர் வேறு கடைக்குச் சென்றுவிடுவார். ஒவ்வொரு சொடுக்குக்கும் கட்டணம் செலுத்தி விளம்பரம் செய்யும் கடை, இல்லாத பக்கத்திற்கு ஆள் வரவழைத்த செலவையும் ஏற்க வேண்டியிருக்கும்.

பின்னணி

வைய விரிவு வலையில் இணைப்புகள் ஒரு திசையில் மட்டுமே செல்வன. 1960இல் டெட் நெல்சன் தொடங்கிய சானடு திட்டம் இருவழி இணைப்புகளைக் கருதியது. டிம் பேர்ணர்ஸ்-லீ உருவாக்கிய வலையில் அந்த ஏற்பாடு இல்லை. இதனால் எவரும் எவருடைய இசைவும் இன்றி எந்தப் பக்கத்திற்கும் இணைப்புத் தர முடிந்தது. வலை விரைந்து வளர இது உதவியது. ஆனால் ஒரு பக்கத்தை நீக்குபவருக்கு, அதனை எங்கெங்கிருந்து சுட்டியுள்ளனர் என்பது தெரியாது. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு 2023 அக்டோபரில் கிடைக்கவில்லை என பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

வழங்கியின் மறுமொழி

உலாவி ஒரு முகவரியைக் கேட்கும்போது வழங்கி முதலில் மூவிலக்க எண் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. 200 எனில் பக்கம் உள்ளது. 404 எனில் காணப்படவில்லை. 410 எனில் முன்பு இருந்து, நிலையாக நீக்கப்பட்டுவிட்டது. 301 நிலையான வழிமாற்றையும் 302 தற்காலிக வழிமாற்றையும் குறிக்கும்.

பயனர் காண்பது பக்கத்தின் வாசகத்தையே. நிரல்கள் பார்ப்பது இந்த எண்ணையே. இரண்டும் ஒத்துப்போகாதபோது சிக்கல் எழுகிறது. பல கடைகளின் மென்பொருள், "இப்பொருள் கிடைக்கவில்லை" என்று எழுதிய பக்கத்தை 200 என்ற எண்ணுடன் அனுப்பிவிடும். இது மென் 404 எனப்படுகிறது. இணைப்புச் சோதனைக் கருவி இதனை நலமான பக்கம் என்றே கணக்கிடும் என்பதால், வெளிப்படையான 404ஐ விட இது தீங்கானது.

முறிவதற்கான காரணங்கள்

விற்பனை முடிந்த பொருளின் பக்கத்தை நீக்குவதும், பொருளின் பெயரைத் திருத்தும்போது முகவரியும் மாறிவிடுவதும் அன்றாடக் காரணங்கள். பேரளவில் இணைப்புகள் முறிவது கடை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதுதான். மெஜெண்டோவின் முதல் பதிப்பு வரிசைக்கான ஆதரவு 2020 சூன் 30 அன்று நிறுத்தப்பட்டதால் கடைகள் இடம்பெயர வேண்டியதாயிற்று. அம்மென்பொருளின் இயல்பான அமைப்பில் பொருள் முகவரி எச்.டி.எம்.எல். என்னும் ஒட்டுடன் முடியும். வூகாமர்சில் அந்த ஒட்டு இல்லை. வழிமாற்று அட்டவணை இன்றி ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறினால் எல்லாப் பொருட்களின் பழைய முகவரிகளும் ஒரே நாளில் முறியும். விண்டோசு வழங்கியிலிருந்து லினக்சு வழங்கிக்கு மாறும்போது, ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுபட்டவையாகக் கருதப்படுவதால் படக் கோப்புகள் காணாமற்போவதுண்டு.

தமிழில் முகவரி அமைக்கும் கடைகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உள்ளது. 'கொலுசு' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, வழங்கிக்கு வெவ்வேறு. முகவரிகளைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. என்னும் இயல்பாக்க வடிவத்திற்கு மாற்றினால் இச்சிக்கல் எழாது.

கண்டறிதல்

லிங்க்செக்கர், ஸ்கிரீமிங் ஃபிராக் போன்ற சிலந்தி நிரல்கள் முகப்புப் பக்கத்தில் தொடங்கி, காணும் இணைப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு, மறுமொழி எண்ணைக் குறித்துக்கொள்ளும். கடையில் இவற்றை ஓடவிடுமுன் எல்லை வகுக்க வேண்டும். நிறம், அளவு, விலை என வடிகட்டும் இணைப்புகள் ஒன்றோடொன்று கூடிக் கணக்கற்ற முகவரிகளை உருவாக்கும். நிரல் அவற்றிலேயே சுழன்றுகொண்டிருக்கும். கூடையில் சேர்த்தல், நீக்கல் முதலிய செயல்கள் வெறும் இணைப்புகளாக அமைந்திருந்தால் நிரல் அவற்றையும் இயக்கிவிடும். 2005இல் கூகுள் வெளியிட்ட வெப் ஆக்சிலரேட்டர், பயனர் சொடுக்குமுன்பே இணைப்புகளைப் பெற்று வைக்க முயன்று, சில வலைச் செயலிகளில் பயனர் தரவுகளை அழித்தது இக்காரணத்தால்தான்.

நிரல் காட்டும் பிழைகள் அனைத்தும் உண்மையான முறிவுகள் அல்ல. தானியங்கி நிரல்களைத் தடுக்கும் தளங்கள் 403 என மறுமொழி தரலாம். உலாவியில் அதே பக்கம் திறக்கும்.

சிலந்தி நிரல் கடைக்குள் இருக்கும் இணைப்புகளையே அறியும். பழைய மின்னஞ்சல்களிலிருந்தும் பிற தளங்களிலிருந்தும் வருவோர் எங்கே தடுக்கப்படுகின்றனர் என்பது வழங்கியின் பதிவுக்கோப்பில்தான் தெரியும். அதில் 404 பெற்ற முகவரிகளை எண்ணிக்கை வாரியாக அடுக்கினால் எதை முதலில் சரிசெய்வது என்பது விளங்கும். வருகையாளர் எப்பக்கத்திலிருந்து வந்தார் என்பதைக் கூறும் தலைப்புப் புலமும் அதில் இருக்கும். இப்புலத்தின் ஆங்கிலப் பெயர் ஓர் எழுத்து விடுபட்ட பிழையுடனேயே 1996இல் எச்.டி.டி.பி. ஆவணத்தில் இடம்பெற்றது, இன்றுவரை அப்படியே வழங்குகிறது.

சரிசெய்தல்

கடைக்குள் இருக்கும் முறிந்த இணைப்பை, அது இடம்பெற்ற பக்கத்திலேயே திருத்துவது முறை. வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கே வழிமாற்று தேவை. பொருளுக்குப் புதிய பதிப்பு இருந்தால் அதற்கு 301 தரலாம். ஈடான பொருள் இல்லையெனில் அதன் வகைப் பக்கத்திற்கு அனுப்பலாம். அதுவும் பொருந்தாதபோது 410 தருவதே நேர்மையானது. தற்காலிகமாகக் கையிருப்பு இல்லாத பொருளின் பக்கத்தை நீக்காமல், நிலையை மட்டும் அதில் குறிப்பிட வேண்டும்.

எல்லா முறிந்த முகவரிகளையும் முகப்புப் பக்கத்திற்கு மாற்றிவிடுவது பரவலான பழக்கம். அறிக்கையில் பிழை எண்ணிக்கை குறையும். மின்விசிறி தேடி வந்தவர் கடை வாசலில் மீண்டும் நிற்பார். கூகுள் இத்தகைய வழிமாற்றுகளை மென் 404 எனக் கருதுவதால் தேடல் தரவரிசையிலும் பயன் இல்லை.

ஆண்டுதோறும் சேர்க்கப்படும் வழிமாற்றுகள் ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலித் தொடராகின்றன. கூகுளின் நிரல் 10 தாவல்கள் வரையே பின்தொடரும். எனவே பழைய முகவரி ஒவ்வொன்றையும் இறுதி முகவரிக்கு நேரடியாகச் சுட்டுமாறு அட்டவணையை அவ்வப்போது திருத்த வேண்டும்.

கடையிலிருந்து வெளித்தளங்களுக்குச் செல்லும் இணைப்புகளையும் சோதிக்க வேண்டும். உற்பத்தியாளரின் ஆட்களப் பெயர் காலாவதியாகி வேறொருவர் அதனை வாங்கினால், பயனர் கையேட்டிற்கான இணைப்பு மோசடிப் பக்கத்திற்கு இட்டுச் செல்லக்கூடும். அங்கும் மறுமொழி 200 ஆகவே இருப்பதால் கருவிகள் இதைக் காட்டா.

வழிமாற்றுகளை இயன்றவரை நெடுங்காலத்திற்கு, பொதுவாகக் குறைந்தது ஓராண்டுக்கு, வைத்திருக்குமாறு கூகுள் பரிந்துரைக்கிறது. பொருளின் பெட்டியில் அச்சிட்ட கியூ.ஆர். குறியீட்டிற்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பெட்டி எவர் வீட்டிலேனும் இருக்கும் வரை அம்முகவரி தேவைப்படும்.